பல்லில் சீழ், நான்கு மருந்து, 5 நாள் தாய்ப்பால் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?

ஏழுவாரத்து அம்மா:

வணக்கம். என் மகளுக்கு இன்றோடு 7 வாரம். 38 வாரத்தில் பிறந்தாள். போன வாரம் எடை 4.4 கிலோ. முழுக்கத் தாய்ப்பால்தான், இதுவரை வேறு எதுவும் கொடுத்ததில்லை.

நான்கு நாளாகக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. பாராசிட்டமால் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் இரவு தலையணையில் கன்னம் பட்டாலே உயிர் போனது. நேற்று மாலை பல் மருத்துவரிடம் போனேன். வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து சீழை வெளியேற்றி, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். வேர் சிகிச்சையை அடுத்த வாரம் முடிக்கலாமாம்.

சீட்டில் நான்கு மருந்து. அமாக்ஸிசிலின் 500 மி.கி. மூன்று வேளை, மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளை, இரண்டும் 5 நாள். ஐபுபுரோஃபென் 400 மி.கி. மூன்று வேளை. அப்புறம் 'வலி தாங்க முடியாவிட்டால் மட்டும், இரவில்' என்று ஒரு மாத்திரை. அதற்கு பிராண்டு பெயர் மட்டும்தான் எழுதியிருந்தார்.

நான் எழுந்து கிளம்பும்போது என் தோளில் கிடந்த குழந்தைத் துணியைப் பார்த்துவிட்டு, "பால் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் 5 நாளும் நிறுத்திவிடுங்கள், ஊசியும் போட்டிருக்கிறது" என்றார். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வாயில் பாதி மரத்துப்போயிருந்தது, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நேற்று இரவிலிருந்து புட்டிப்பால் கொடுக்கப் பார்க்கிறோம். என் கணவர் மடியில் வைத்துக் கொடுத்தால் நாக்கால் தள்ளிவிடுகிறாள். 30 மி.லி. குடிக்க ஒரு மணி நேரம். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் வாசனை பட்டால் இன்னும் அழுகிறாள். இரவு 2 மணிக்குப் பம்ப் வைத்து எடுத்தேன், 90 மி.லி. வந்தது. அதைக் கழுவுத் தொட்டியில் ஊற்றும்போது கை நடுங்கியது. காலையில் இடது பக்கம் கல் மாதிரி ஆகிவிட்டது.

ஊசி போட்டால் பால் கொடுக்கக் கூடாதா? மாத்திரையை இரண்டு வேளைப் பாலுக்கு நடுவில் போட்டால் சரியாகிவிடுமா? 5 நாள் விட்டால் பால் திரும்ப வருமா? வலி இன்னும் இருக்கிறது. அந்த இரவு மாத்திரையை இன்றைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரண்டுபிள்ளைக்காரி:

தோழி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் பிரசவம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு மூன்றாவது மாதத்தில் கடுமையான சளி. வீட்டில் இருந்த சளி மாத்திரையை யாரையும் கேட்காமல் இரண்டு நாள் போட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பால் குறைந்துவிட்டது. மாலையில் மார்பு காலியாகவே இருக்கும், அவன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு முதுகை வில்லாக வளைத்து அழுவான். பிறகுதான் தெரிந்தது, அந்த மாத்திரையில் மூக்கடைப்புக்காகச் சூடோஎஃபெட்ரின் இருந்திருக்கிறது. அடிக்கடி கொடுத்துக் கொடுத்துப் பழையபடி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது.

அதனால் மருந்துப் பெயர் தெரியாமல் எதையும் போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் எது சரி என்று சொல்ல எனக்குத் தெரியாது, மருந்தாளர் அக்கா ஒருவர் இங்கே வருவார், அவர் பார்க்கட்டும்.

மாத்திரைப்பெட்டி:

நான் மருந்தாளர், 16 வருடமாக இந்த வேலை. முதலில் ஒன்று. அந்த நான்காவது மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராண்டு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். அதுவரை அதைப் போட வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஏழுவாரத்து அம்மா:

அக்கா, கைபேசி வெளிச்சத்தில் படித்தேன். டிரமடால் ஹைட்ரோகுளோரைடு 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. என்று இருக்கிறது. பாராசிட்டமால்தானே என்று நினைத்திருந்தேன். இதுவரை ஒன்றும் போடவில்லை.

மாத்திரைப்பெட்டி:

போடாதது நல்லதாயிற்று. நான் பயந்தது இதைத்தான்.

உங்களிடம் இருக்கும் நான்கில், ஊசியையும் சேர்த்தால் ஐந்தில், உண்மையாகவே கவலைப்பட வேண்டியது அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்தான இந்த டிரமடால் ஒன்றுதான். நமது கல்லீரலில் சிஒய்பி2டி6 என்று ஒரு நொதி இருக்கிறது. டிரமடாலை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றுவது அதுதான். அதே வகை மருந்தான கோடீனை மார்ஃபினாக மாற்றுவதும் அதே நொதிதான். சிலருக்குப் பிறவியிலேயே இது மிக வேகமாக வேலை செய்யும். தனக்கு அப்படி இருப்பது அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட தாயின் பாலில் வீரியமான பொருள் அதிகமாக இறங்கினால், குழந்தை அளவுக்கு மீறித் தூங்கும், பால் இழுக்காது, மூச்சு மெதுவாகும், துணி மாதிரித் துவண்டு போகும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2017 ஏப்ரலில், பால் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கோடீனும் டிரமடாலும் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று எச்சரிக்கை போட்டது. வேறு சில இடங்களில் நல்ல கண்காணிப்போடு, குறைந்த அளவில், ஓரிரு நாள் டிரமடால் கொடுப்பதும் உண்டு. ஆனால் 7 வாரக் குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்கும் தாய், யாரும் எதுவும் சொல்லாமல் போடும் மாத்திரை இல்லை இது.

இப்போது மற்றவை. மரத்துப்போகப் போடும் ஊசி பெரும்பாலும் லிடோகெயின். பாலுக்கு மிகக் குறைவாகத்தான் வருகிறது, வந்ததைக் குழந்தை விழுங்கினாலும் வயிற்றிலிருந்து சரியாக உறிஞ்சப்படுவதில்லை. அதோடு சேர்க்கும் அட்ரினலின் உடம்பில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். ஊசி போட்ட நாற்காலியிலிருந்து எழுந்த உடனே நீங்கள் பால் கொடுத்திருக்கலாம்.

அமாக்ஸிசிலின் பச்சிளம் குழந்தைகளுக்கே நேரடியாகக் கொடுக்கும் மருந்து. நீங்கள் போடும் அளவில், பால் வழியாகக் குழந்தைக்குப் போவது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 0.1 மி.கி. உங்கள் மகளின் 4.4 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் அரை மில்லிகிராமுக்கும் கீழே. நீங்கள் விழுங்குவது 1500. இதே குழந்தைக்குத் தொற்று வந்து மருந்தாகவே கொடுத்தால் கிலோவுக்கு 20 முதல் 30 மி.கி. வரை கொடுப்பார்கள். மலம் கொஞ்சம் தளர்வாகப் போகலாம், வாயில் வெள்ளைப் படலம் வரலாம், அபூர்வமாக உடம்பில் தடிப்பு. அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது.

ஐபுபுரோஃபென் இதைவிடச் சுலபம். அது இரத்தத்தில் புரதத்தோடு 99 சதவீதத்துக்கும் மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஒட்டியிருப்பது பாலுக்குத் தாண்டாது. எடைக் கணக்கில் தாய்க்குப் போகும் அளவில் 1 சதவீதம்கூடக் குழந்தைக்குப் போவதில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு வலி என்றால் முதலில் கையில் எடுப்பது பாராசிட்டமாலும் இதுவும்தான்.

மெட்ரோனிடசோல்தான் நடுவில் நிற்கிறது. இது பாலுக்கு நன்றாகவே வரும். எடைக் கணக்கில் 10 சதவீதத்தை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ போகும். பொதுவாக 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்று ஒரு கோடு வைத்திருக்கிறோம். ஆனாலும் குழந்தைகளுக்கே கொடுக்கும் மருந்துதான் இது, 400 மி.கி. மூன்று வேளை போட்டுக்கொண்டே பால் கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான். 2 கிராமை ஒரே வேளையில் போடும் சிகிச்சைக்குத்தான் 12 முதல் 24 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வார்கள், உங்களுடையது அது இல்லை. பாலின் சுவை கொஞ்சம் மாறி, குழந்தை முகம் சுளிக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பல் மருத்துவரிடம் இப்படிக் கேட்பேன்: "சீழை வெளியேற்றிவிட்டீர்கள், அமாக்ஸிசிலின் மட்டும் போதாதா, மெட்ரோனிடசோலும் வேண்டுமா?" பல நேரம் ஒன்றே போதும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்மா. முகம் வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, தொற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்த்தவர் அவர்தான்.

காலையில் அவருக்கு ஃபோன் செய்யுங்கள். "பால் கொடுக்கலாமா" என்று மொத்தமாகக் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு மருந்தின் பெயரையும் சொல்லி, குழந்தைக்கு 7 வாரம், குறைமாதம் இல்லை, எடை 4.4 கிலோ என்று சொல்லி, "இதில் எதை மாற்றித் தர முடியும்" என்று கேளுங்கள். அவர் கையில் தகவல் இல்லாவிட்டால் லாக்ட்மெட் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2006 முதல் இலவசமாக வைத்திருக்கும் தகவல் தொகுப்பு அது. எந்த மருந்து பாலில் எவ்வளவு வருகிறது, எந்தக் குழந்தைக்கு என்ன ஆனது, பதிலாக எதைக் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது. நானும் தினம் அதைத்தான் திறக்கிறேன்.

இடது பக்கம் கல்லாக இருப்பதை இப்படியே விடாதீர்கள். அதற்குச் சரியான வைத்தியம் உங்கள் மகள்தான், இன்று இரவே மார்பில் விடுங்கள். காம்பைச் சுற்றி இறுகி அவளால் கவ்வ முடியாவிட்டால், மிருதுவாகும் அளவுக்கு மட்டும் கையால் கொஞ்சம் பிழிந்துவிட்டுக் கொடுங்கள். பம்ப் வைத்து மொத்தமாகக் காலி செய்ய வேண்டாம், அது இன்னும் சுரக்கத் தூண்டும். குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அது மார்பு அழற்சி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

ஏழுவாரத்து அம்மா:

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டேன். வலது பக்கம் உடனே கவ்விவிட்டாள், இடது பக்கம் நீங்கள் சொன்னபடி பிழிந்த பிறகு. இருபது நிமிடம் கண்ணைத் திறக்காமல் குடித்தாள்.

இரண்டு சந்தேகம். நேற்று ஊற்றிக் கொட்டியதால் மருந்தாவது வெளியே போயிருக்குமா? அப்புறம், மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது? மருந்துக்குள் இருந்த தாளில் எல்லாவற்றிலும் 'பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்' என்றே போட்டிருக்கிறது, அதைப் பார்த்தால் மறுபடி பயமாக இருக்கிறது.

மாத்திரைப்பெட்டி:

போயிருக்காது. மார்பு ஒரு தண்ணீர்த் தொட்டி இல்லை. மருந்து இரத்தத்திலிருந்து பாலுக்கு வரும், இரத்தத்தில் அளவு குறையக் குறையப் பாலிலிருந்து இரத்தத்துக்கே திரும்பிப் போகும். பாலைக் கறந்து கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் மருந்து இறங்குவது கல்லீரலும் சிறுநீரகமும் வேலை செய்யும் வேகத்தில்தான். அந்த 90 மி.லி.யை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அதை அவள் குடித்திருக்கலாம்.

நேரம் பற்றி: பால் கொடுத்து முடித்ததும் மாத்திரை போடுவது நல்ல பழக்கம்தான். ஐபுபுரோஃபென் மாதிரி இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும் மருந்துக்கு அது பலிக்கும். மெட்ரோனிடசோல் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். 7 வாரக் குழந்தை இரண்டு மணிக்கு ஒரு தடவை கேட்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவளை அழவிடாதீர்கள்.

அந்தத் தாளில் இருப்பது பெரும்பாலும் நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுதுவது. பாலூட்டும் தாய்மாரிடம் அவர்கள் சோதித்துப் பார்ப்பதே அபூர்வம், அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம். இன்னொரு குழப்பமும் உண்டு. கர்ப்பத்தில் கூடாதது பால் கொடுக்கும்போதும் கூடாது என்று நினைக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் கர்ப்பத்தில் சிசுவுக்குக் கெடுதல், ஆனால் பாலில் அது தென்படுவதே இல்லை என்று சொல்லலாம், அதைப் போட்டுக்கொண்டே பால் கொடுக்கிறார்கள். இன்சுலினும், இரத்தம் உறையாமல் இருக்க ஊசியாகப் போடும் ஹெப்பாரினும் பெரிய மூலக்கூறுகள். குழந்தையின் வயிற்றுக்குப் போனாலும் வேலை செய்யாது.

கண்டிப்பாக நிறுத்த வேண்டிய மருந்துகள் இல்லாமல் இல்லை. தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் 131, புற்றுநோய்க்கான பெரும்பாலான மருந்துகள் அப்படிப்பட்டவை. இதயத் துடிப்புக்கான அமியோடரோன் உடம்பில் மாதக்கணக்கில் தங்கும், அதில் அயோடினும் அதிகம். மனநிலைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் குழந்தையின் இரத்தத்தையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஸ்கேனுக்கு முன் போடும் சாய ஊசிக்குக்கூட 24 மணி நேரம் நிறுத்து என்று இன்னும் சொல்கிறார்கள். அயோடின் சாயத்தில் பாலுக்கு வருவதே 1 சதவீதத்துக்கும் கீழே, அதிலும் குழந்தையின் குடல் உறிஞ்சுவது 1 சதவீதத்துக்கும் கீழே. கல்லான மார்போடும் அழுகிற குழந்தையோடும் வரும் பெண்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. மருந்தை மாற்றுவது ஒரு ஃபோன் அழைப்பு. இரண்டு மாதக் குழந்தையைப் புட்டிக்கு மாற்றுவது அப்படியா?

இரண்டுபிள்ளைக்காரி சொன்னது முற்றிலும் சரி. 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 8 தாய்மாருக்கு 60 மி.கி. சூடோஎஃபெட்ரின் ஒரே ஒரு வேளை கொடுத்ததில், அந்த 24 மணி நேரத்தில் பால் சுமார் 24 சதவீதம் குறைந்தது. குழந்தைக்கு விஷம் இல்லை, பாலுக்குத்தான் எதிரி. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

மழைக்காலம்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்து செர்ட்ராலின் கொடுத்தார்கள். நன்றாகத் தேறிவந்தேன். 'பால் கொடுக்கும்போது மன மாத்திரையா' என்று நெருங்கிய ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில், மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் குழந்தை அழுதால் காதில் விழும், ஆனால் எழுந்து போக வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் கணவர் கண்டுபிடித்து அழைத்துப் போனார். மருத்துவர் அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, இது பாலில் மிகக் குறைவாகத்தான் வருகிறது, பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் அளக்கும் அளவுக்குக்கூட இருப்பதில்லை என்று விளக்கினார். அதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். இந்தப் பக்கத்தை அப்படி யாராவது படித்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:

நீங்கள் எழுதியதற்கு நன்றி தோழி. இதைச் சொல்ல எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று தெரியும். தைராய்டு மாத்திரையையும் இப்படித்தான் நிறுத்திவிடுகிறார்கள். லெவோதைராக்சின் நம் உடம்பிலேயே சுரப்பது, பாலில் இயல்பாகவே இருப்பது.

ஏழுவாரத்து அம்மா:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மறுநாள் காலை பல் மருத்துவருக்கு ஃபோன் செய்தேன். அக்கா சொன்னபடி மருந்துப் பெயர்களையும் குழந்தையின் வயதையும் எடையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டார். டிரமடால் வேண்டாம், வலிக்கு ஐபுபுரோஃபெனோடு பாராசிட்டமால் சேர்த்துப் போடுங்கள் என்றார். முகத்தில் வீக்கமோ காய்ச்சலோ இல்லாததால் மெட்ரோனிடசோலையும் எடுத்துவிட்டார். பால் தொடர்ந்து கொடுக்கலாம் என்றார். கோபப்படவில்லை, கேட்டது நல்லது என்றுதான் சொன்னார்.

இடது பக்கம் இளகிவிட்டது. வலி இப்போது பத்தில் இரண்டு. நேற்றிலிருந்து மகளுக்கு மலம் ஐந்தாறு தடவை, கொஞ்சம் தண்ணீராக. நன்றாகக் குடிக்கிறாள், சிரிக்கிறாள். இது அமாக்ஸிசிலின்தானா, பார்க்க வேண்டுமா அக்கா?

மாத்திரைப்பெட்டி:

அதுவாகத்தான் இருக்கும், மருந்து முடிந்ததும் சரியாகிவிடும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் துணி நனைகிறதா, பால் இழுக்கும் வேகம் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மலத்தில் இரத்தம், காய்ச்சல், சோர்வு, இதில் எது வந்தாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சை, அவளுக்கும் உங்கள் காம்புக்கும் சேர்த்து மருந்து வேண்டியிருக்கும். அடுத்த வாரம் வேர் சிகிச்சைக்குப் போகும்போது, உள்ளே கூப்பிடுவதற்குச் சற்று முன் வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் போங்கள். மரத்த வாயோடு வெளியே வந்ததும் மறுபடி கொடுங்கள்.